விடிந்தால் முகம் போதும்

கவுன்சலிங் அறைக்கு ஏ.சி. போட்டதுதான் முதல் கோளாறு. பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள் வந்து உட்கார்ந்து மனசைத் திறக்கப்போகிறார்கள், திண்டுக்கல் வெயிலில் அவர்களுக்கு வேர்க்கக்கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடை கொடுத்தார். அறக்கட்டளைக்காரர்கள் வாங்கி மாட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். பனிமலையில் கால்விரல்களைப் பறிகொடுத்துவிட்டு வந்த மனுஷனை அந்த ஏ.சி.க்கு நேர் எதிரே உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. பிரிஸ்கில்லாவுக்கும் தோன்றவில்லை, அதுதான் வெட்கக்கேடு.

பிரிஸ்கில்லா வத்தலக்குண்டுக்காரி. மதுரையில் உளவியல் படித்துவிட்டு, ஒரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இந்த ஆலோசகர் வேலைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்துபோகிற தூரத்தில் அலுவலகம். முன்னாள் ராணுவத்தினருக்கு மனநல ஆலோசனை என்று வாசலில் பெரிய போர்டு. அந்தப் போர்டைப் பார்த்ததுமே பாதிப் பேர் ரோட்டின் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போய்விடுவார்கள். முன்னாள் படைவீரர் சங்கத்துத் தலைவர் உடையப்பன், ஓய்வுபெற்ற சுபேதார், முதல் நாளே வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

"ஏம்மா, பட்டாளத்துக்காரனுக்குப் பைத்தியம்னு பேரு வாங்கிக் குடுத்துராதீங்க. அப்புறம் எங்க புள்ளைகளுக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

மரியநாதபுரத்து ஞானதாஸ் அங்கே தானாக வரவில்லை. அவர் மனைவி வினோலியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நூல் மில் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தவருக்கு வேலை போயிருந்தது. போன காரணத்தைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும், பிறகு சிரித்ததற்கு வெட்கமாக இருக்கும். ராத்திரி ஷிப்டு மாற்ற வந்த கருப்புசாமி என்கிற வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு, "யோவ், நான்தான்யா, தொற" என்று மன்றாடுகிறார். உள்ளே ஞானதாஸ் லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, "பாஸ்வேர்டு சொல்லு" என்கிறார். மில் கேட்டில் ஏது பாஸ்வேர்டு? ஒரு தடவை என்றால் தமாஷ். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் எந்த மேனேஜர் பொறுத்துக்கொள்வார்?

சும்மா சொல்லக்கூடாது, ஞானதாஸ் அடக்கமான மனுஷன். சொன்ன நேரத்துக்கு வருவார், நாற்காலியின் நுனியில் உட்காருவார், கேட்டதற்குப் பதில் சொல்லுவார். பனிமலையில் கழிந்த அந்த இரவைப் பற்றியும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"ரிஃபாத் நம்ம ஊருதான் மேடம். பேகம்பூர். ரெண்டு பேரும் ஒரே நாள் ஆளெடுப்புல சேந்தோம். மூஞ்சி அப்படியே அவங்கம்மாவ உரிச்சு வச்சிருக்கும், அதச் சொல்லிச் சொல்லியே அவனக் கேலி பண்ணுவேன். காவல் போஸ்ட்டுல எனக்கு அடுத்த டியூட்டி அவனுது. பங்கர்ல இருந்து கயித்தப் புடிச்சுக்கிட்டு நடந்து வரணும். பனிக்காத்து அடிச்சா கண்ணு ஒன்னும் தெரியாது, காதுதான். சரக் சரக்னு பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு. அவன் நடை எனக்குத் தெரியும். குரல் குடுக்கலாம்னு வாயத் தொறந்தேன். சத்தம் நின்னுருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல மேடம். நின்னுருச்சு."

பனிக்கட்டி பிளந்து ரிஃபாத்தை உள்ளே வாங்கிக்கொண்டது. உடம்பு கிடைக்கவே இல்லை. புயல் ஓயாததால் விடியும்வரை யாராலும் பங்கரை விட்டு வெளியே வர முடியவில்லை. விடிந்து வந்து பார்த்தபோது ஞானதாஸ் நின்ற இடத்தில் துப்பாக்கியோடு விறைத்துப் போயிருந்தார். நினைவில்லாதவரைத் தூக்கி ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். கால்விரல்கள் போயின, அதோடு அவருடைய பட்டாளத்து வாழ்க்கையும் முடிந்தது. ஏழு வருஷம் ஆகிறது.

புத்தகத்தில் ஒரு முறை இருக்கிறது. வெறும் நாற்காலி ஒன்றை எதிரே போட்டு, செத்துப்போனவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, மனசில் இருப்பதைப் பேசவைப்பது. நல்ல முறைதான், எத்தனையோ பேருக்குக் கட்டிய கண்ணீரை அவிழ்த்துவிட்டிருக்கிறது. பிரிஸ்கில்லா நம்பிக்கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரிஃபாத் வந்திருக்காருன்னு வச்சுக்கங்க. அவர்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

ஞானதாஸ் எழுந்தார். குதிகால்கள் ஒட்டின, முதுகு நிமிர்ந்தது. ஏ.சி. அவர் முகத்தில் நேராக ஊதிக்கொண்டிருந்தது.

"தம். கோன் ஆத்தா ஹை?"

நில், வருவது யார் என்று காவலுக்கு நிற்கிறவன் இருட்டைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. நாற்காலி என்ன பதில் சொல்லும்? மறுபடியும் கேட்டார். பிறகு காத்திருந்தார். பிரிஸ்கில்லா பேர் சொல்லிக் கூப்பிட்டாள், எழுந்து முன்னால் போனாள், அவர் கண் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளும் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், பயந்துபோனாள். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, சுவரோரமாக ஒண்டிக்கொண்டாள்.

கடைசியில் கரண்ட்டுதான் காப்பாற்றியது. மின்சாரம் போய் ஏ.சி. நின்று, ஊர்ப் புழுக்கம் அறைக்குள் வந்த பிறகு ஞானதாஸின் தோள்கள் தளர்ந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். பாஸ்வேர்டு சொல்லல, அதான்."

"என்ன பாஸ்வேர்டு?"

"அதச் சொல்லக் கூடாது மேடம்."

சொல்லுங்கள், சொன்னால் பாரம் குறையும் என்று அவள் வற்புறுத்தினாள். அது இரண்டாவது தப்பு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அதன்பிறகு வரவில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மூலையில் தள்ளிவைத்தாள். மூலையில் இருந்தபோது அது இன்னும் மோசமாக இருந்தது. மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது.

மார்கழி பிறந்த வாரம் வினோலியா தனியாக வந்தாள். தனியாக இல்லை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆக்னெஸ் கூட வந்திருந்தாள், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு.

"அன்னைக்கு நீங்க அவர என்ன செஞ்சீங்க?" வினோலியாவின் குரல் உயரவே இல்லை. அதனாலேயே அது சுருக்கென்று தைத்தது. "அதுக்கு முந்தி எப்பவாவது ஒரு நாளு மொட்டமாடிக்குப் போவாரு. இப்ப அந்திக்கு ஏறுனா விடிஞ்சும் எறங்க மாட்டேங்கிறாரு. பகல்ல எறங்கி ஒரு வாய் தின்னுட்டு, செவத்துல சாஞ்சு கண்ண மூடுவாரு. உடனே முழிச்சுக்கிருவாரு. தூக்கம்னு ஒன்னு கெடையாது. இவ அப்பாவுக்குக் காப்பி கொண்டு போறேன்னு மேல போனா. பின்னாடி நின்னு சிரிச்சிருக்கா. தம்னு சொல்லித் திரும்பி ஒரு தள்ளு. அவருக்கே தெரியல, தள்ளுனது மகள்னு."

ஆக்னெஸ் மூலையில் கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா பொய் சொல்லல," என்றாள். "மாடியில யாரோ நடக்குற சத்தம் எனக்கும் கேக்குது."

"வாய மூடு," என்றாள் வினோலியா. ஆனால் அவள் முகம் வெளுத்ததைப் பிரிஸ்கில்லா பார்த்துவிட்டாள். "அக்கா, நான் நேராச் சொல்றேன். கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அப்புறம் புள்ளையக் கூட்டிக்கிட்டு நத்தத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். எங்க வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் செவரு கெடையாது. தூக்கமில்லாத மனுசன். நான் போயிட்டா அவரு ஒரு நாளைக்கு அங்கருந்து விழுந்து செத்துருவாரு, அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

பிரிஸ்கில்லா அறக்கட்டளை மேலாளரிடம் போனாள். அவர் நல்லவர், ரொம்ப நல்லவர், விதியைத் தவிர வேறொன்றும் தெரியாத நல்லவர். ஆறு சந்திப்பு முடிந்தால் ஃபைலை மூட வேண்டும், வராதவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுத வேண்டும், வீட்டுக்குப் போகிற வழக்கம் நம்மிடம் இல்லை என்றார். நல்லாயிருக்கிறது நியாயம். கால் உடைந்தவனை மாடியேறி வந்து மருந்து வாங்கிக்கொள்ளச் சொல்வது போல. அவள் சரி சார் என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலம் ஆட்டோ பிடித்து மரியநாதபுரம் போனாள்.

வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நேர் எதிரே சிறுமலை. மார்கழியில் அந்தி சாயும்போது மலை உச்சியிலிருந்து வெள்ளை மூட்டம் இறங்கிக் கீழே வழியும். பிரிஸ்கில்லா பஸ்ஸில் வரும்போதெல்லாம் பார்த்து ரசித்த காட்சிதான். இன்றைக்கு அதை ஞானதாஸின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தபோது ரசிக்க முடியவில்லை. பழைய இடத்தை அவருக்காக யாரோ கொண்டுவந்து வீட்டுக்கு எதிரே வைத்த மாதிரி இருந்தது.

படியிலேயே நின்று குரல் கொடுத்தாள். "பிரிஸ்கில்லா வாரேன். முன்னாடி வந்து நிக்கிறேன்." சுற்றிக்கொண்டு போய் அவர் பார்க்கிற பக்கம் நின்றாள். பேனா இல்லை, ஃபைல் இல்லை. மாடியின் விளிம்பு அவருக்கு இடப்பக்கம் ஒரு முழத்தில் இருந்தது.

"வாங்க மேடம்." அவர் கையில் மில் லத்தி இருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"எனக்கு ஒன்னு புரியல. டியூட்டி மாத்த ஆள் வரலேன்னா என்ன செய்யணும்?"

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாக அவளைத்தான் பார்த்தார்.

"நிக்கணும்."

"எதுவரைக்கும்?"

"ஆள் வர்ற வரைக்கும். போஸ்ட்ட விட்டு எறங்குனா தப்பு மேடம். பெரிய தப்பு."

"உங்களத்தான் அங்கருந்து தூக்கிட்டு வந்துட்டாங்களே."

"தூக்கிட்டு வந்தாக. மாத்தல." லத்தியைக் கை மாற்றிப் பிடித்தார். "அவன் வந்துக்கிட்டு இருந்தான் மேடம். சத்தம் கேட்டுச்சு. நான் எறங்கிப் போயிட்டு, அவன் வந்து பாத்து, ஆளக் காணோம்னு நெனச்சான்னா?"

அதிர்ச்சி, குற்ற உணர்ச்சி, துக்கம் என்று பிரிஸ்கில்லா இதற்கு என்னென்னவோ பேர் எழுதிவைத்திருந்தாள். இந்த மனுஷனோ இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறார். யாரும் மாற்றிவிடவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் நாற்காலியைப் போட்டு, வந்திருக்கிறான் என்று சொல்லி ஏமாற்றினாள். ஏழு வருஷம் காத்திருந்தவரிடம் அப்படிச் சொல்லலாமா? அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் உடையப்பனைத் தேடிப் பட்டாளத்து கேன்டீனுக்குப் போனாள். அவர் முதலில் முகத்தைத் திருப்பினார். பிறகு முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாஸ்வேர்ட நோண்டாதீங்க. கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டான், சொல்லவும் கூடாது. ஆனா ஒன்னு. பாஸ்வேர்டு ராத்திரிக்குத்தான். கண்ணு தெரியாதப்ப வர்றவன் யாருன்னு கண்டுபுடிக்க அது. விடிஞ்சா மூஞ்சி தெரியுதுல்ல? விடிஞ்சா முகம் போதும்மா."

"அப்போ விடியக்காலையில நீங்க வந்து அவர மாத்திவிடுவீங்களா சார்?"

பைத்தியம் என்று பேர் வாங்கிக் கொடுக்காதே என்று வந்து மிரட்டிய மனுஷன் அவர்தான். மறுநாள் விடியலில் பதக்கங்களோடு கோட் போட்டு, பூட்ஸ் பளபளக்க மரியநாதபுரத்தில் வந்து நின்றார். படியேறிப் போனார். ஞானதாஸ் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"ஞானதாஸ், டியூட்டிய நான் எடுத்துக்கிறேன். நீ போய்ப் படு."

"சாப்." ஞானதாஸ் மரியாதை குறையாமல்தான் சொன்னார். "நீங்க எங்க போஸ்ட்டு ஆள் இல்ல சாப்."

உடையப்பன் இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். "அவன் சொல்றது சரிதாம்மா," என்றார்.

முகம் போதும், ஆனால் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். அந்த இடத்து முகமாக இருக்க வேண்டும். அந்த முகமோ பனிக்கடியில் கிடக்கிறது. பிரிஸ்கில்லா வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு போனவள், செம்பட்டி தாண்டும்போது சட்டென்று நிமிர்ந்தாள். மூஞ்சி அப்படியே அவங்கம்மாவை உரிச்சு வச்சிருக்கும்.

அந்த அம்மா பேகம்பூரில் இருக்கிறார், குர்ஷித் பேகம். மரியநாதபுரத்திலிருந்து ஆட்டோவில் போனால் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். ஆனாலும் ஞானதாஸ் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்ததே இல்லை என்றாள் வினோலியா. பஸ் அந்த வழியாகப் போனால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாராம். ஒருவருடைய விஷயத்தை இன்னொருவர் வீட்டில் போய்ச் சொல்லும் உரிமை பிரிஸ்கில்லாவுக்குக் கிடையாது. அதனால் மாடியேறி அவரிடமே கேட்டாள்.

"அவங்க முகத்த நான் எப்படி மேடம் பாப்பேன்?"

"அவங்களா வந்தா?"

மலைப் பக்கம் பார்த்தபடியே, "போஸ்ட்டுக்கு வர்றவங்களத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வினோலியா செருப்பை மாட்டினாள். பிரிஸ்கில்லா கூடப் போனாள்.

குர்ஷித் பேகம் வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்து எப்போதோ போய்ச் சேர்ந்தவர். சுவரில் ரிஃபாத்தின் படம், யூனிபார்மில். ஞானதாஸ் பொய் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே மிஷினில் குனிந்திருந்த முகத்துக்கும் படத்துக்கும் வயசு ஒன்றுதான் வித்தியாசம். அதே அகலமான நெற்றி, அதே மாதிரி சற்றே ஒட்டிய புருவம். வினோலியா எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா அழவில்லை. மிஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எம் மவன் கடைசியா நடந்த சத்தத்தக் கேட்டது அந்தத் தம்பிதானா?"

"ஆமாம்மா."

"அவன் பயந்து போயி நடந்தானா, நல்லா நடந்தானான்னு கேக்கணும். அவன் துணிமணிப் பெட்டி வந்துச்சு, கொடி வந்துச்சு, பெரிய ஆபீசருக வந்தாக. இத யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேன்." பிறகு பிரிஸ்கில்லாவின் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் போர்டு போட்ட ஆபீசாம்மா? நான் அந்த வழியாத்தான் துணி வாங்கப் போவேன். திரும்பி வந்தவகளுக்குன்னு போட்டிருந்துச்சு. சரி, நமக்கு இல்லன்னு போயிருவேன்."

பிரிஸ்கில்லாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை மாதம் உட்கார்ந்து இன்னும் எப்படி நன்றாகச் செய்யலாம், என்ன குறை என்று அறிக்கை எழுதியவள் அவள். சுவரில் தொங்குகிற இந்தப் படத்துக்குக் கீழே ஒருத்தி உட்கார்ந்திருப்பது அந்த அறிக்கையில் எங்கேயும் இல்லை.

"நாளைக்கு விடியல்ல ஃபஜர் தொழுதுட்டு வாரேன்," என்றார் குர்ஷித் பேகம்.

வந்தார். மூட்டம் அன்றைக்குத் தெருவரைக்கும் இறங்கியிருந்தது. உடையப்பன் கீழே காவல் போல நின்றார். வினோலியா மகளை அணைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். குர்ஷித் பேகம் சேலை முந்தியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினார். மாடியில் மணல் பரப்பிக் கிடந்தது, வீட்டு வேலை பாதியில் நின்றுபோன மணல். அதன்மேல் அவர் செருப்பு சரக் சரக்கென்று பட்டது. படியில் நின்ற பிரிஸ்கில்லா அந்தச் சத்தத்தில் உறைந்துபோனாள். ஐயோ, இதை யோசிக்கவில்லையே. ஞானதாஸின் இடது காலோரம் மாடி விளிம்பு.

"தம். கோன் ஆத்தா ஹை?"

செருப்புச் சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தில் ஞானதாஸின் முதுகு ஒரு தடவை குலுங்கியது. ஏழு வருஷமாக அவர் நின்றுகொண்டிருந்தது அந்த இடத்தில்தான், சத்தம் நின்றுபோன அந்த இடத்தில்.

பிறகு சத்தம் மறுபடி கேட்டது. சரக், சரக். அந்த அம்மா நடந்துபோனார். ஞானதாஸின் பின்னால் நிற்கவில்லை, பிரிஸ்கில்லா சொல்லிக்கொடுத்தபடி சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றார். முந்தியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு முகத்தைக் காட்டினார். நன்றாக விடிந்திருந்தது.

ஞானதாஸ் பார்த்தார்.

"ரொம்ப லேட்டாயிருச்சு தம்பி," என்றார் குர்ஷித் பேகம். "அவனால வரமுடியல. நான் வந்துட்டேன். நீ போயிப் படு."

ஞானதாஸின் குரல் வந்தது, கரகரப்பாக. போஸ்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, யாரும் வரவில்லை என்று இந்தியில் சொன்னார். டியூட்டி மாறும்போது சொல்ல வேண்டியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். லத்தியை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஞானதாஸ் குனிந்து அவர் காதில் ஒரு சொல் சொன்னார். பாஸ்வேர்டையும் ஒப்படைக்க வேண்டுமல்லவா.

"அவன் எப்படி நடந்தான் தம்பி?"

"நல்லா நடந்தாம்மா. வேகமா. என்னையக் காக்க வைக்கக் கூடாதுன்னு எப்பவும் வேகமாத்தான் வருவான்."

அதைச் சொல்லிவிட்டு அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே படியிறங்கினார். வினோலியா தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பாயை விரித்ததுதான் தெரியும், கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. வினோலியா அறை வாசலில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆக்னெஸ் மாவுக்கட்டுக் கையை அப்பாவின் முதுகில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். உடையப்பன் வேலியோரம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

பிரிஸ்கில்லாவின் சந்தோஷத்துக்கு அளவில்லை. வினோலியா போட்டுக்கொடுத்த காப்பியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள், அந்த அம்மாவைக் கூட்டிவர.

குர்ஷித் பேகம் ஞானதாஸ் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் லத்தி. முகம் சிறுமலைப் பக்கம். மூட்டம் இன்னும் கலையவில்லை.

"அம்மா, காப்பி. அவர் நல்லாத் தூங்கிட்டாரு. கீழ வாங்க."

"செத்த இரும்மா." அவர் திரும்பவில்லை. தலையைச் சற்றே சாய்த்து எதையோ காதில் வாங்கிக்கொண்டிருந்தார். "நல்லா நடந்து வந்தான்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. வேகமா வந்தானாம். வந்துக்கிட்டு இருந்த புள்ள. நான் எறங்கிப் போயிட்டேன்னா, அவன் வந்து பாத்துட்டு ஆளக் காணோமேன்னு நெனைக்க மாட்டானா?"

டம்ளர் பிரிஸ்கில்லாவின் விரலைச் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"அம்மா, நான் நிக்கிறேன். எங்கிட்டக் குடுங்க. விடிஞ்சிருச்சு, பாஸ்வேர்டு வேணாம். முகம் தெரிஞ்சா போதும்னு சொன்னாங்க."

அப்போதுதான் அந்த அம்மா திரும்பினார். பிரிஸ்கில்லாவின் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். கோபமில்லை, குறையும் சொல்லவில்லை.

"உன் முகம் எனக்குத் தெரியாதேம்மா," என்றார். "நீ நேத்துத்தானே வந்த."

பிரிஸ்கில்லா காப்பியைத் தரையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அலுவலகம் திறக்கிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அங்கே ஞானதாஸின் ஃபைலை மூடச் சொல்லிக் காத்திருப்பார்கள். இருக்கட்டும். மலைப் பக்கம் பார்த்தாள்.

"முகம் தெரியிற வரைக்கும் தெனமும் வாரேம்மா," என்றாள்.

குர்ஷித் பேகம் அவள் நிற்பதற்கு ஓர் அடி விலகி இடம் விட்டார். பிறகு இருவரும் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.